கீத ஆராதனையில் காணிக்கை செலுத்துவது யார்?

இருதயத்திலிருந்து வரும் ஆராதனைக்கு ஒத்திகை எதற்கு என்று கேட்பவர்கள் நம் சபைகளில் பெருகிவிட்டார்கள். ஆவியானவர் நடத்துவார், அச்சடித்த ஒழுங்குமுறை எதற்கு, ஒரே பாட்டை ஒரு மாதம் பழகுவானேன் என்கிறார்கள். கேள்விக்குப் பின்னால் இருக்கும் கவலை நியாயமானது. அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்காக நாம் செய்யும் ஆயத்தம் மிகுந்துபோகவில்லை. அது ஒரு சிலர் தலையில் மட்டும் விழுந்துவிட்டது. குறை அங்கேதான் இருக்கிறது.

2 சாமுவேலின் கடைசி அதிகாரத்தில் தாவீது அர்வனாவின் களத்துக்குப் போகிறார். களம், மாடு, விறகு எல்லாவற்றையும் சும்மா எடுத்துக்கொள்ளச் சொல்கிறான் அர்வனா. தனக்குச் செலவில்லாத பலியைக் கர்த்தருக்குச் செலுத்த மனமில்லாமல், ஐம்பது சேக்கல் வெள்ளியைக் கொடுத்து வாங்குகிறார் ராஜா. ஒத்திகை வேண்டாம் என்பவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டும். நவம்பர் பிறந்ததும் நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. ஆலயங்களில் மாலை ஜெபம் முடிந்த பிறகும் விளக்கு எரிகிறது. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று பிரிந்து உட்கார்ந்து, சோல்ஃபா எழுதிய நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். டெனர் சுருதி இறங்கினால், நடத்துபவர் கீபோர்டில் ஒற்றை விரலால் அந்தச் சுரத்தைத் தட்டிக் காட்டுவார். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். கடையை அடைத்துவிட்டு வந்தவர், மறுநாள் பரீட்சை உள்ள பிள்ளை, அடுப்பில் உலை வைக்க வேண்டிய நேரத்தில் வந்து நிற்கும் அம்மா என்று இருக்கும் இவர்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. இது காணிக்கை இல்லையென்றால் வேறு எதைக் காணிக்கை என்பது?

ஆனால் இதே உழைப்பு ஆராதனையின் வேறொரு பகுதியான வேதபாட வாசிப்புக்குக் கிடைப்பதே இல்லை. ஒன்பது வேதபாடங்களும் கீதங்களும் என்ற ஒழுங்கு நமக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. 1880 டிசம்பர் 24 அன்று ட்ரூரோ நகரில், பேராலயம் கட்டி முடியாத நிலையில், தற்காலிகமாக எழுப்பிய மரக் கட்டடத்தில் பேராயர் எட்வர்ட் ஒயிட் பென்சன் இதை முதன்முதலில் நடத்தினார். பாடகர் குழுச் சிறுவன் ஒருவனில் தொடங்கி, படிப்படியாக ஏறி, பேராயரே கடைசிப் பாடத்தை வாசிப்பதாக அமைத்தார். 1918இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்கு இதைக் கொண்டுவந்தவர் எரிக் மில்னர்-ஒயிட். முதல் உலகப் போரில் படைவீரர்களுக்குக் குருவாக இருந்துவிட்டுத் திரும்பியவர். 1928இல் பி.பி.சி. வானொலி ஒலிபரப்பத் தொடங்கியதும் அது உலகெங்கும் பரவியது. இந்த ஆராதனையின் பலம் இசையில் இல்லை, வேதபாடங்களில் இருக்கிறது என்று மில்னர்-ஒயிட்டே சொல்லியிருக்கிறார். ஏதேனில் விழுந்த மனிதனில் தொடங்கி, யோவானின் முதல் அதிகாரத்தில் வார்த்தை மாம்சமானது வரை ஒரே கதை. பிரசங்கமே இல்லாவிட்டாலும் கேட்பவருக்கு நற்செய்தி போய்ச் சேர்ந்துவிடும்படி பின்னப்பட்ட கதை.

நம் ஆலயங்களில் இந்தக் கதை எப்படி வாசிக்கப்படுகிறது? பாட்டுக்கு ஒரு மாதம் பழகுகிறோம். பாடத்துக்கு ஒரு நாள்கூட இல்லை. யார் வாசிப்பது என்பதே பல இடங்களில் அன்று மாலைதான் முடிவாகிறது. அதுவும் குரலையோ வாசிப்பையோ பார்த்து அல்ல. சபைச் செயலர், பொருளாளர், நன்கொடை தந்தவர் என்று மரியாதை செய்யும் வரிசையில். ஏசாயா ஒன்பதாம் அதிகாரத்தில் பிறக்கப்போகும் பாலகனின் நாமங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் இடம் வருகிறது. சபை மூச்சை அடக்கிக் கேட்க வேண்டிய இடம் அது. வாசிப்பவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி, ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்து, இரண்டு வரி தாண்டி, திரும்பி வந்து முடிக்கிறார். அடுத்த பாட்டுக்கு முன்னிசை அதற்குள் தொடங்கிவிடுகிறது. சிறுவனில் தொடங்கிப் பேராயரில் முடியும்படி பென்சன் வைத்த வரிசையில், சபையின் எந்தப் படியில் இருப்பவரும் விடுபடக் கூடாது என்ற எண்ணம் தெரிகிறது. நாம் அதைப் பெரியவர்களின் வரிசையாக மட்டும் ஆக்கிவிட்டோம்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. பாடகர் குழு பாடப்பாட, சபை பார்வையாளர் கூட்டமாகிவிடுகிறது. தன் பிள்ளை பாடும்போது கைப்பேசியை உயர்த்திப் படம்பிடிக்கும் தகப்பனார், அந்தப் பாட்டு முடிந்ததும் பிள்ளையை அழைத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் வாய் திறக்க நாம் எத்தனை இடம் வைத்திருந்தோம்? மேற்கத்திய இசை என்பதால் வந்த குறையும் அல்ல இது. நான்கு குரல் பாட்டு இங்கே தலைமுறைகளாக வேரூன்றியது, நம்முடையது. என்றாலும் சபையைப் பாடவைக்கும் வழி நம் மரபிலேயே கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1800இல் பெத்லகேம் குறவஞ்சி இயற்றினார். அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது அதில் சாஸ்திரியாரின் பாடல்கள் நிறைய இடம்பெற்றன. பல்லவியைச் சபை பிடித்துக்கொள்ள, சரணத்தைத் தெரிந்தவர்கள் பாடலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் மூன்றாவது முறையில் பல்லவியை எடுத்துவிடுவார். இத்தனை எளிய வாசலை வைத்துக்கொண்டு, ஒலிப்பதிவு ட்ராக்கோடு வரும் புதுப் பாட்டுகளைத் தேடிப்போகிறோம்.

சாஸ்திரியாரை இங்கே நினைக்கும்போது கசப்பான ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று மிஷனரிகள் சொன்னபோது அதை எதிர்த்து எழுதியவர் அவர். பாட்டில் அத்தனை அள்ளிக் கொடுத்தவரிடம் இப்படி ஒரு குறை இருந்தது. அவர் காலத்தோடு அது போய்விடவும் இல்லை. டிசம்பர் இரவுகளில் கீத பவனி எந்தத் தெருவில் நின்று நாலு பாட்டுப் பாடுகிறது, எந்தத் தெருவில் ஒரே பாட்டோடு நகர்கிறது, யார் வீட்டில் தேநீர் குடிக்கிறார்கள், யார் வீட்டு வாசலோடு திரும்புகிறார்கள் என்பதைக் கூடவே நடந்து பார்ப்பவர்கள் அறிவார்கள். நோயாளியின் கட்டிலருகே நின்று பாடும் அருமையான வழக்கமும் அதே பவனியில்தான் இருக்கிறது. காணிக்கை உறையை வாங்கிக்கொண்டு அவசரமாக ஜெபம் முடிக்கும் வழக்கமும் அதே பவனியில்தான்.

பலிபீடத்தருகே காணிக்கையோடு வந்தவன், சகோதரனுக்குத் தன்பேரில் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். நியாயம் ஓடாத இடத்தில் பாடல்களின் இரைச்சலைக் கர்த்தர் கேட்க விரும்பவில்லை என்கிறார் ஆமோஸ். சேகரத் தேர்தலில் இரண்டு அணியாகப் பிரிந்து, ஒரு வருடமாக முகம் பார்க்காத இருவர் பேஸ் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பூமியில் சமாதானம் என்று பாடுவதைக் கண்டிருக்கிறேன். சுருதி பிசகவில்லை. பாட்டு நன்றாகவே இருந்தது. அதைக் காணிக்கையாக எப்படி ஏறெடுப்பது என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஒப்புரவாகும் இந்த ஆயத்தத்துக்கு நம்மிடம் பயிற்சி நாளும் இல்லை, நடத்துபவரும் இல்லை. ஐயரவர்களும் இதைத் தொடத் தயங்குகிறார்.

ஆகவே பாடகர் குழுத் தலைவர்களுக்கும் ஆயர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு பயிற்சியைக் குறைக்க வேண்டாம். அட்வெந்து முதல் ஞாயிறு தொடங்கி, ஆராதனை முடிந்ததும் பத்து நிமிடம் சபையாரை உட்காரவைத்து இரண்டு கீர்த்தனைகளைப் பழக்குங்கள். ஒன்பது பாடங்களையும் வாசிக்க ஒரு ஞாயிறு பள்ளிப் பிள்ளை, ஒரு துப்புரவுப் பணியாளர், ஒரு விதவைத் தாய் என்று இப்போதே பெயர் குறித்து, வசனத்தைக் கையில் கொடுத்து, இரண்டு தடவையாவது சத்தமாக வாசிக்கச் செய்யுங்கள். பவனி போகும் தெருக்களின் பட்டியலை எடுத்து, விடுபட்ட தெருவை முதலில் எழுதுங்கள். முகம் பார்க்காத அந்த இரண்டு பேரின் வீட்டுக்கும் டிசம்பர் 24க்குள் போய்வாருங்கள்.