நெடுவாசலில் இரண்டு வயல்கள்

2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவையின் பொருளாதார விவகாரக் குழு, நாடெங்கும் 31 எண்ணெய், எரிவாயு ஒப்பந்தப் பகுதிகளுக்கு இசைவளித்தது. அவற்றுள் ஒன்று புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தைச் சார்ந்த நெடுவாசல். அத்திட்டத்தின் பெயரைத் தமிழாக்கினால் ‘கண்டறியப்பட்ட சிறு வயல்கள்’ என வரும். ஆழ்குழாய்க் கிணற்று நீரை நம்பி, தென்னையும் வாழையும் பலாவும் வளர்த்து அம்மண்ணை வயலாக்கியவர்கள் அவ்வூர் உழவர்கள். அரசின் ஏட்டிலோ, நிலத்தின் அடியில் எரிபொருள் தேங்கிய இடமே வயல். மேலே நின்ற பயிர் கணக்கில் வரவில்லை. இத்திட்டத்தைப் பற்றிய நமது திறனாய்வை இச்சொல்லிலிருந்தே தொடங்குகிறோம்.

அடுத்த சொல் மீத்தேன். மன்னார்குடிப் பகுதியில் எழுந்த மீத்தேன் எதிர்ப்பை மனத்தில் வைத்து மக்கள் ஐயம் எழுப்பியபோது, ‘இது மீத்தேன் திட்டமன்று, ஹைட்ரோகார்பன் திட்டம்’ என விளக்கம் தரப்பட்டது. மீத்தேனும் ஹைட்ரோகார்பன்களுள் ஒன்று என்பது பள்ளிப் பாடம். மேலும், இத்திட்டத்தின்படி எல்லா வகை ஹைட்ரோகார்பன்களுக்கும் ஒரே உரிமம்தான். விளக்கம் பொய்யன்று என வாதிடலாம். ஆனால் கேட்டவரின் அச்சத்துக்கு அது விடையுமன்று.

நாட்டுக்கு எரிபொருள் தேவையில்லை என நாம் சொல்லவில்லை. கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். நிலத்தடி நீர் கீழே இறங்கியதில், போட்டி போட்டுக்கொண்டு ஆழ்குழாய் இறக்கிய நமக்கும் பங்கு உண்டு. ஆயினும் நிலத்துக்குரியவரைக் கேட்பது என்ற கடமை இவற்றால் கழிந்துவிடாது. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை விரும்பிய ஆகாபு அரசன்கூட, முதலில் நேரில் சென்று கேட்டான். மாற்றுத் தோட்டமோ விலையோ தருவதாகவும் சொன்னான். அரச முத்திரையிட்ட மடல்கள் அதற்குப் பின்னரே புறப்பட்டன (1 அரசர் 21). நெடுவாசலில் முத்திரை முதலில் வந்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ திருமடலில், சூழல் பாதிப்பு ஆய்வு தொழில் திட்டத்துக்குப் பின்னால் வரலாகாது என்றும், கலந்தாய்வில் உள்ளூர் மக்களுக்குத் தனி இடம் வேண்டும் என்றும் கூறியிருப்பது இங்கு எண்ணத்தக்கது.

கேட்கப்படாத மக்கள் 2017 பிப்ரவரி 16 முதல் நாடியம்மன் கோவில் திடலில் அமர்ந்தனர். அரசினர் தந்த உறுதிமொழிகளை ஏற்று மார்ச் 9 அன்று, 22-ஆம் நாளில், எழுந்தனர். மார்ச் 27 அன்று டெல்லியில் கர்நாடகத்தின் ஜெம் லேபரட்டரீஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. உறுதிமொழிக்கும் கையெழுத்துக்கும் இடையே பதினெட்டு நாள்கள்! ஏப்ரல் 12 அன்று மீண்டும் அமர்ந்தவர்கள், 174 நாள் கழிந்து அக்டோபர் 2 அன்றுதான் எழுந்தனர்.

2020-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இரண்டு ஆவணங்கள் அடுத்தடுத்து வந்தன. அவற்றை ஒருசேரப் படிக்க வேண்டும். ஜனவரி 16 அன்று மத்திய அரசு 2006-ஆம் ஆண்டின் சூழல் அறிவிக்கையைத் திருத்தி, எண்ணெய், எரிவாயுத் தேடலுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்றது. பிப்ரவரியில் தமிழக அரசு, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றியது. புதுக்கோட்டையின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் அதில் அடங்கின. எண்ணெய், எரிவாயுத் தேடலும் எடுப்பும் அங்கே தடை செய்யப்பட்டன. இதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் சட்டம் வருமுன்பே நடைபெற்று வந்த பணிகளை இச்சட்டம் பாதிக்காது என அதிலேயே ஒரு பிரிவு உள்ளது. பாராட்டுரைகளில் அப்பிரிவு அதிகம் பேசப்படவில்லை.

2021 ஜூனில் மத்திய அரசு சிறு வயல்களுக்கான அடுத்த ஏலத்தை அறிவித்தபோது, பட்டியலில் புதுக்கோட்டை மாவட்டத்து வடதெரு இருந்தது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைக் கைவிடக் கோரிப் பிரதமருக்கு மடல் எழுதினார். வடதெரு கறம்பக்குடிப் பகுதியைச் சார்ந்தது. அந்த ஒன்றியம் காக்கப்பட்ட மண்டலமெனச் சட்டத்தில் இடம்பெற்று அப்போது ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.