பூனைக் கணக்குகள்

பூனைக் கணக்குகள், எலி பிடிக்கும் பூனைகளை வேலையாட்களாக வைத்துச் சிறுவர்களுக்காக அமைக்கப்படும் விளையாட்டுக் கணக்குகள். விகிதம், பின்னம், காலமும் வேலையும் ஆகிய பாடங்களை ஒட்டியவை.

அமைப்பு

பரவலாக அறியப்பட்ட வடிவம் இது: 3 பூனைகள் 3 எலிகளை 3 நிமிடங்களில் பிடித்தால், 100 பூனைகள் 100 எலிகளைப் பிடிக்க எவ்வளவு நேரமாகும்? 100 நிமிடம் என்று பலரும் சட்டென்று சொல்வார்கள். சரியான விடை 3 நிமிடம். இவ்வகைக் கணக்கைப் பழைய கணித நூல்கள் பஞ்சராசிகம் என்றன. இன்றைய பாடநூல்கள் கூட்டு மாறல் என்கின்றன.

ஆங்கில எழுத்தாளரும் கணித ஆசிரியருமான லூயிஸ் கரோல் 1880-ல் இதில் ஒரு சிக்கலைக் காட்டினார். 6 பூனைகள் 6 எலிகளை 6 நிமிடங்களில் கொன்றால், 50 நிமிடங்களில் 100 எலிகளைக் கொல்ல எத்தனை பூனைகள் வேண்டும்? வாய்பாட்டின் விடை 12. பூனைகள் தனித்தனியே வேட்டையாடினால் 48 நிமிடங்களில் 12 பூனைகள் 96 எலிகளையே கொல்லும். மீதி 4 எலிகளுக்கு 2 நிமிடங்கள் போதா. ஆகவே 13 பூனைகள் வேண்டும். இரண்டிரண்டாகச் சேர்ந்து 3 நிமிடத்துக்கு ஓர் எலி என்றால் 14 வேண்டும். ஆறும் சேர்ந்து நிமிடத்துக்கு ஓர் எலி என்றால் 12 போதும்.

தமிழ்க் கதைமரபில்

மரியாதை ராமன் கதைகளில் ஒரு வேலைக்காரப் பூனை உண்டு. நான்கு பஞ்சு வணிகர்கள் எலித்தொல்லைக்காகக் கூட்டாக ஒரு பூனை வாங்கினர். காலுக்கு ஒருவர் உரிமையாளர். காயம்பட்ட காலுக்கு உரியவர் எண்ணெய்த் துணி கட்டினார். அதில் தீப்பற்ற, பூனை கிடங்குக்குள் ஓடியது, பஞ்சு எரிந்தது. மூவரும் நான்காமவரிடம் இழப்பீடு கேட்டனர். பூனையைச் சுமந்து ஓடியவை நல்ல கால்கள் மூன்றே, ஆகவே அம்மூவரே அவருக்கு இழப்பீடு தரவேண்டும் என்பது தீர்ப்பு.

இதில் ஒரு பின்னக் கணக்கு மறைந்திருக்கிறது. எரிந்த பஞ்சின் விலை 1200 ரூபாய் என்று கொண்டால் ஒருவர் பங்கு 300. மூவரும் ஆளுக்கு 100 தரவேண்டும். அதாவது மொத்த இழப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

மதிப்பீடு

இரண்டு கணக்குகளும் ஒரே இடத்தில் நிற்கின்றன. எண்ணை வகுக்கலாம், பூனையை வகுக்க முடியாது. கரோலின் கணக்கில் பன்னிரண்டரைப் பூனை இல்லை. மரியாதை ராமன் கதையில் காற்பூனை தனியே ஓடுவதில்லை. பூனைக் கணக்கின் மதிப்பு இந்த இடத்தைச் சிறுவர்க்குக் காட்டுவதில் உள்ளது.

வினாத்தாளில் இதே கணக்கு அந்த மதிப்பை இழக்கிறது. விடைக்குறிப்பில் 12 மட்டும் இருந்தால், யோசித்து 13 என்று எழுதிய மாணவர் மதிப்பெண் இழக்கிறார். வேட்டை தனித்தனியா, கூட்டாகவா என்று கேள்வியிலேயே சொல்லிவிட்டால் இக்குறை நீங்கும்.

கணக்குப் பூனையின் வேகமும் நம்பத்தக்கதல்ல. 3 நிமிடத்துக்கு ஓர் எலி என்றால் மணிக்கு 20. ஸ்காட்லாந்தின் கிளென்டரெட் மதுவாலையில் வாழ்ந்த டவுசர் என்ற பூனை 28,899 எலிகளைப் பிடித்ததாகக் கின்னஸ் பதிவு உள்ளது. ஏறத்தாழ 24 ஆண்டு வாழ்ந்த அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 3.3 எலிகளே.

துறையூர் வட்டத்து உப்பிலியபுரம் போன்ற நெல் விளையும் ஊர்களில், நெல் மூட்டையருகே பூனை எவ்வளவு நேரம் பதுங்கிக் கிடக்கும் என்பதைச் சிறுவர்கள் நேரில் கண்டிருப்பார்கள். 100 பூனைகள் ஓரிடத்தில் சேர்ந்தால் சண்டைதான் நடக்கும் என்றும் அவர்களுக்குத் தெரியும். வகுப்பில் அதைச் சொல்லும் மாணவரை விடை தெரியாதவர் என்று ஒதுக்கலாகாது. கணக்கு எந்த அனுமானத்தின்மேல் நிற்கிறது என்பதை முதலில் கண்டவர் அவரே.