காற்றும் குழலும்

இயற்கையைப் பாடுதல் வேறு. இயற்கையின் ஒலியைப் போலச் செய்தல் வேறு. குயிலின் கூவலையும் அருவியின் இரைச்சலையும் கருவிகளில் எழுப்பிவிட்டால் இயற்கையின் மாட்சி இசையில் வந்துவிடும் என்று கருதுவோர் உளர். திரைப்படப் பின்னணி இசையில் பழகிய செவிக்கு இக்கருத்து எளிதில் உடன்பாடாகும். ஆயினும் இது முழு உண்மை அன்று.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மரம், புள், பறை, யாழ் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். பிரிவு, இரங்கல் போன்ற உள்ளத்து ஒழுக்கங்களை உரிப்பொருள் என்றார். செய்யுளுக்கு வகுத்த இவ்வரையறை இசைக்கும் பொருந்தும். பறவையொலியோடு நின்றுவிடும் இசை கருப்பொருளளவில் நின்றதே ஆகும்.

மேனாட்டாரும் இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தனர். 1808இல் வியன்னாவில் அரங்கேறிய பீத்தோவனின் ஆறாம் சிம்பொனி நாட்டுப்புற வாழ்வைப் பொருளாகக் கொண்டது. அதன் இரண்டாம் பகுதியில் மூன்று பறவைகளின் குரல்கள் கேட்கின்றன. ஆனால் அவை அப்பகுதியின் முடிவில் சிறிது நேரமே ஒலிக்கின்றன. தம் இசை காட்சியைத் தீட்டுவதினும் உணர்வை வெளியிடுவதே என்று பீத்தோவனே குறித்தார்.

இனி நம்மவர் படைப்பைக் காண்போம். 1976இல் 'அன்னக்கிளி' வழியே திரையுலகில் அறிமுகமான இளையராஜா, 1988இல் 'நத்திங் பட் விண்ட்' என்னும் இசைத்தொகுப்பை அளித்தார். காற்றன்றி வேறில்லை என்பது அப்பெயரின் பொருள். இங்குத் திரைக்காட்சியின் துணை இல்லை. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலும் பெரிய இசைக்குழுவுமே உள்ளன. குழல் காற்றைப் போலச் செய்வதன்று, அதுவே காற்று. வெளியே உலவுவது உள்ளே மூச்சாகி, மூங்கில் துளைகளில் பண்ணாகிறது. கருப்பொருளும் உரிப்பொருளும் ஒன்றாகும் இடம் இதுவே. இசைக்குழு குழலை மிஞ்சி ஒலிக்கும் சிற்சில இடங்களில் கருவிகளின் பெருக்கமே செவியில் நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மாட்சி என்பது எண்ணிக்கையால் வருவதன்று.

இவ்வுண்மை தமிழாசிரியர்க்கும் உரியது. பினாங்கு மாநிலத்துப் பைராம் போன்ற தோட்டத்தில் வளரும் மாணவன் செம்பனை ஓலைகளில் காற்று மோதும் ஒலியை நாள்தோறும் கேட்கிறான். கட்டுரை எழுதச் சொன்னாலோ, 'தென்றல் வீசியது. குயில் கூவியது' என்று படித்த தொடரையே எழுதுகிறான். அவன் கருப்பொருளையும் கடன் வாங்குகிறான். கட்டுரை வகுப்பில் ஒரு நாள் இவ்விசையைக் கேட்கச் செய்து, பின்னர்ச் சன்னலைத் திறந்துவைத்து எழுதச் சொல்லலாம். தன் செவி கேட்டதைத் தன் நெஞ்சோடு சேர்த்து எழுதக் கற்றவனே நாளை இலக்கியம் படைப்பான்.