ஒருநாள் விழாவும் ஓரிரவுக் கூத்தும்

பல்கலைக்கழக நகரங்களில் நடைபெறும் கலைவிழாக்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. காலையிற் கண்காட்சி திறந்துவைக்கப்படும். நண்பகலை ஒட்டிக் கருத்துரைகள் இடம்பெறும். மாலையில் இசையரங்கும் கூத்தும் நிகழும். பேராதனையிலும் தமிழ் விழாக்கள் பெரும்பாலும் இவ்வொழுங்கைத் தழுவியே அமைவன. இத்தனையையும் ஒரு நாளுக்குள் அடக்குவது ஏற்பாட்டாளரின் திறமைக்குச் சான்றாகலாம். ஆயின் அடக்கப்படும் கலைக்கு அதனால் யாது நேர்கின்றது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

இத்தொடர்பில் முதலில் நினைவுக்கு வருவது பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பணியாகும். 1956இல் எதிரிவீர சரத்சந்திரவின் 'மனமே' அரங்கேறியதோடு, தமிழ்க் கூத்துடன் உறவுடைய சிங்கள 'நாடகம' மரபு நகர அரங்கிற் புதுமதிப்பைப் பெற்றது. அம்முயற்சியினால் ஊக்கம் பெற்ற வித்தியானந்தன், 1962இல் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தான 'கர்ணன் போர்' என்பதைப் பேராதனை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்பன அதனைத் தொடர்ந்தன. ஊரின் வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்பட்டது, ஒரு பக்கம் மாத்திரம் திறந்த மேடையிற் சில மணி நேரத்துக்குள் அமைந்தது. பாமரரின் பொழுதுபோக்கென்று கூத்தை ஒதுக்கிய படித்தவர்களை அதன் முன்னே அமரச்செய்த பெருமை அவருக்குரியது. அச்சுருக்கம் விழா நிரலுக்காகச் செய்யப்பட்டதன்று. அண்ணாவிமாரோடு பழகி, கூத்து நூல்களைப் பதிப்பித்து, ஆட்டமுறைகளை அறிந்தபின் செய்யப்பட்ட தெரிவாகும். பிற்கால விழாக்கள் அவரிடமிருந்து பெற்றுக்கொண்டவற்றுள் எளிதானது அந்தக் கால அளவே. அதற்கு முன்னிருந்த உழைப்பை நிரலில் அச்சிட இயலாதல்லவா!

சுருக்கத்தில் முதலில் வெட்டுப்படுவது வரவு ஆட்டம். ஊர்க்களரியிலோ, அரசன் தன் வரவை ஆடி முடிக்கும்வரை கதை காத்திருக்கும். சுற்றியிருப்போர் உறங்குவர், விழிப்பர், ஆடுபவன் இன்னார் மகன் என்று தம்முட் பேசிக்கொள்வர். அவர்கள் பார்வையாளர் என்ற சொல்லுக்குள் முற்றாக அடங்குவாரல்லர். மட்டக்களப்பின் சீலாமுனையில் ஊராரையே முதன்மையாகக் கொண்டு பின்னாளில் நிகழ்ந்த கூத்து மீளுருவாக்க முயற்சி, படச்சட்ட மேடையை விட்டுக் களரிக்கு மீண்டதற்கு இத்தகைய உணர்வே அடிப்படை எனலாம்.

மட்டக்களப்புக் கூத்து பேராதனைக்குத் தொலைவிலிருந்து வந்தது. அண்மையிலுள்ள கூத்தோ இன்றும் நிரலுக்குள் எளிதிற் புகுவதில்லை. மலையகத் தோட்டங்களின் காமன் கூத்து மாசி அமாவாசைக்குப்பின் கம்பம் நடுவதோடு தொடங்கும். ரதியும் மதனும் லயம் லயமாகச் செல்வர். பௌர்ணமியை ஒட்டிய இரவிற் சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிவான், ரதி புலம்புவாள், பின்னர் அவன் உயிர்த்தெழுவான். மாத்தளைக்கு மேற்கே, யட்டவத்தப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பேராதனைக்கு வரும் மாணவன், தன் கூத்தை விழாவில் ஆடத் தருமாறு கேட்கப்பட்டால் எந்த அரைமணி நேரத்தைக் கொடுப்பான்? ரதியின் புலம்பலையா? அது பல இரவுகளின் பின் வரும்போதே புலம்பல். தனியே வெட்டி வைத்தால் ஒரு பாட்டு, அவ்வளவே.

கண்காட்சியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. மேசைமீது தப்பு வைக்கப்பட்டு, அருகே பெயர் எழுதிய அட்டையும் நிற்கும். தப்பின் தோலைத் தீயிற் காய்ச்சி இறுக்கிய பின்னரே அதன் குரல் எழும். மண்டபத்தில் தீ மூட்ட எவரும் இசையார். ஆகவே காட்சிக்கு வைக்கப்படுவது ஊமைத் தப்பு. மதனை எரிப்பதற்கும் அதே தீ வேண்டும் என்பதை எண்ணுமிடத்து, இக்கலைக்கும் மண்டபத்துக்குமுள்ள முரண் புலனாகின்றது. பேராதனையின் திறந்தவெளி அரங்கு, மலைச்சரிவிற் படியமைத்த இருக்கைகளோடு இதற்கு ஓரளவு இடமளிக்கக் கூடியது. 1961இல் 'சிங்கபாகு' அரங்கேறிய அவ்விடத்திற் காமன் தகனமும் நிகழலாம். எனினும் லயத்து வாசல்கள் அங்கில்லை.

கருத்துரைகளிலே மலையகக் கலை 'அழிந்துவருகின்றது' என்று கூறப்படுவதுண்டு. தானாகவே அழிவது போன்ற அத்தொடர் மறைப்பது பெரிது. பேராதனை மேடையிற் கூத்து புத்துயிர் பெற்ற அதே பத்தாண்டில், 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராக வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். தலைமன்னாரிற் கப்பலேறிய குடும்பங்களோடு, பாட்டறிந்தவரும் தப்படிப்பவரும் சென்றிருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆடுவோர் பிரிக்கப்பட்டதைக் கூறாது ஆட்டம் அருகியதை மட்டும் கூறும் ஆய்வு, பாதி வரலாற்றையே கூறுகின்றது.

விழாவை ஒழிக்கவேண்டும் என்பது இதன் பொருளன்று. இசையரங்கு ஒரு மாலைக்குள் நிறைவுறும். கருத்துரை ஒரு மணி நேரத்தில் முடிதல் கேட்போருக்கும் நன்று. காமன் கூத்தை மட்டும் நிரலிலிருந்து எடுத்துவிட்டு, அதற்கீடாக மாசியில் ஓர் இரவை ஒதுக்கலாம். இலங்கையிற் பௌர்ணமி நாள் பொது விடுமுறை, விரிவுரைகள் தடையாகா. கண்டியிலிருந்து மாத்தளைக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர். பேராதனையார் அங்கு சென்று, தோட்டத்தவர் இசைந்தால், களத்தின் ஓரத்தில் அமர்ந்து விடியும்வரை பார்க்கலாம்.