ஊர் வாங்கித் தரும் பீர்

'வேக் இன் ஃப்ரைட்' படம் 1971இல் ஆஸ்திரேலியத் திரையரங்குகளில் ஓடியபோது நடந்ததாக ஒரு கதை உண்டு. பார்வையாளர் ஒருவர் எழுந்து திரையை நோக்கிக் கைநீட்டி, இது நாமில்லை என்று கத்தினாராம். உட்காருப்பா, இது நாமேதான் என்று தான் பதிலுக்குக் கத்தியதாக, அதில் நடித்த ஜாக் தாம்சன் சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷமாக இந்தப் படத்தைப் பற்றிய பேச்சு ஏறக்குறைய இந்த இரண்டு வாக்கியங்களுக்குள்ளேயே சுற்றிவருகிறது. எனக்கு அதில் இடறுவது 'நாம்' என்கிற சொல். யார் அந்த நாம்? அதற்குள் யார் இருந்தார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள்?

கதை எளிமையானது. கென்னத் குக் 1961இல் எழுதிய நாவல். படமாக்கியவர் கனடாக்காரரான டெட் கோட்செஃப். ஜான் கிரான்ட் என்ற இளம் ஆசிரியன், பொட்டல்வெளியில் ஒற்றை அறைப் பள்ளியில் பாடம் நடத்துபவன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு சிட்னி போகும் வழியில், பண்டன்யாபா என்ற சுரங்க நகரில் ஓர் இரவு தங்க வேண்டும். அங்கே காசு சுண்டும் சூதாட்டத்தில் இருந்ததையெல்லாம் தொலைக்கிறான். அதற்குப்பின் அவனை ஊர்தான் தாங்குகிறது. சோறு போடுகிறது, படுக்க இடம் தருகிறது, ஓயாமல் பீர் வாங்கித் தருகிறது. அவன் சீரழிவது பகைவர்களால் அல்ல, உபசரிப்பவர்களால்.

படத்தை விளக்குபவர்கள் பெரும்பாலும் வெயிலையும் பாலைவனத்தையும் காரணம் காட்டுவார்கள். வெக்கை மனிதனை மிருகமாக்குகிறது என்பார்கள். நிஜ வேட்டையிலேயே எடுக்கப்பட்ட கங்காரு வேட்டைக் காட்சியை அதற்குச் சாட்சியாக வைப்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. படத்தின் மையக் காட்சி, சிப்ஸ் ராஃபர்ட்டி நடித்த போலீஸ்காரர் கிரான்டுக்கு முதல் பீரை வாங்கித் தருவது. மிரட்டல் இல்லை, குரலில் அத்தனை கனிவு. ஆனால் கோப்பை காலியாகும்வரை அவர் காத்திருக்கிறார், உடனே அடுத்தது வந்துவிடுகிறது. பின்னால் ஓரிடத்தில் கிரான்ட் குடிக்க மறுக்கும்போது, லிஃப்ட் கொடுத்த மனிதருக்கு வரும் கோபம் உண்மையானது. இதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: ஊர்க்கட்டுப்பாடு. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு அதன் பாசமும் தெரியும், பிடியும் தெரியும்.

அந்தக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் படம் சொல்வதில்லை. பண்டன்யாபாவின் வெளிப்புறக் காட்சிகள் எடுக்கப்பட்டது புரோக்கன் ஹில்லில். சிட்னியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருந்தாலும் கடிகாரம் தெற்கு ஆஸ்திரேலிய நேரம் காட்டும். 1883இல் சார்லஸ் ராஸ்ப் என்ற ஆட்டுப்பண்ணைத் தொழிலாளி அங்கே தாதுப்படிவைக் கண்டார். 1885இல் பிறந்த கம்பெனிதான் இன்றைய பிஎச்பி. வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும் வெளியே போயின. நுரையீரலில் தூசி தங்கியது. சுரங்கங்களில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட பெயர்கள். 1919 மே மாதம் தொடங்கிய வேலைநிறுத்தம் பதினெட்டு மாதம் நீடித்தது. குடும்பங்கள் நிவாரண உணவில் காலம் தள்ளின. கடைசியில் கிடைத்தது வாரத்துக்கு 35 மணி நேர வேலை, நுரையீரல் நோய்க்கு இழப்பீடு. அந்தக் காலத்தில் உலகில் எத்தனை சுரங்கத் தொழிலாளர்களால் இதைக் கனவுகூட கண்டிருக்க முடியும்! பிறகு தொழிற்சங்கங்கள் ஒன்றுகூடிய பேரியர் தொழில் மன்றம் ஊரையே நடத்தியது. நாளிதழும் சங்கத்தினுடையது.

பதினெட்டு மாதம் பட்டினியைத் தாங்கிய ஊருக்கு, வரிசையை விட்டு விலகும் ஒருவன் எவ்வளவு பெரிய ஆபத்து என்று தெரியும். பூமிக்கடியில் பக்கத்தில் நிற்பவனை நம்பித்தான் உயிர். ஆகவே "எங்ககூடக் குடிக்கிறியா?" என்பது தாகத்தைப் பற்றிய கேள்வியே இல்லை. "நீ எங்க ஆளா?" என்பதுதான் கேள்வி. படம் கோப்பையைக் காட்டுகிறது. அந்தக் கோப்பையைக் கடமையாக்கிய வரலாற்றைக் காட்டவில்லை. சுரங்கத்துக்குள் கேமரா இறங்குவதே இல்லை. அதனால் அந்த ஆண்கள் காரணமில்லாமல் குடிப்பவர்களாகத் தெரிகிறார்கள். இதைப் படத்தின் பெரிய குறை என்றே சொல்வேன்.

அதற்காக, ஊரைக் கேவலப்படுத்திவிட்டார்கள் என்று புலம்புபவர்களோடும் நான் சேரமாட்டேன். மணமான பெண்கள் வேலைக்குப் போகக்கூடாது என்ற விதியை அதே தொழில் மன்றம் 1980களின் தொடக்கம்வரை கட்டிக்காத்தது. கல்யாணமானால் வேலையை விட வேண்டும், அவ்வளவுதான். இருக்கிற வேலையைக் குடும்பங்களுக்குப் பங்கிட வேண்டும் என்பது அவர்கள் நியாயம். கூலியை உயர்த்திய கையேதான் கதவையும் சாத்தியது. படத்தில் ஜேனட் என்ற பெண்ணோடு கிரான்ட் பேசப் போகும்போது, பீரை விட்டுவிட்டுப் பெண்ணோடு பேசுகிறானே, இவனுக்கு என்ன வந்தது என்று கூடியிருக்கும் ஆண்கள் குழம்புகிறார்கள். சட்டென்று சிரிப்பு வரும் இடம். ஆனால் அந்த ஊரின் அரை நூற்றாண்டு விதியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இன்னொரு கதவும் உண்டு. ரயில் வருவதற்கு முன்பும் பின்பும் இந்த வறண்ட நிலத்தில் சரக்குச் சுமந்தவை 'ஆப்கானியர்' என்று மொத்தமாக அழைக்கப்பட்டவர்களின் ஒட்டகங்கள். அவர்களில் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய தகர மசூதி இன்னும் அங்கே நிற்கிறது. 1915 ஜனவரி 1 அன்று, பிக்னிக் ரயிலில் போன கூட்டத்தின்மீது அவர்களில் இருவர் துப்பாக்கியால் சுட்டார்கள். நான்கு பேர் செத்தார்கள், சுட்டவர்களும் செத்தார்கள். துருக்கி சுல்தான்மீது விசுவாசம் என்றார்கள். ஆனால் அவர்களில் ஒருவர், உரிமமில்லாத இடத்தில் ஆடு அறுத்ததற்காகச் சில நாள் முன்புதான் தண்டிக்கப்பட்டவர். கொலைக்கு இது நியாயம் ஆகாது. ஆனால் அந்த ஊரின் 'நாம்' எங்கே முடிந்தது என்பதை இது காட்டுகிறது. படத்தில் இவர்கள் இல்லை. தொடக்க ரயில் காட்சியில், பாடிக் குடிக்கும் வெள்ளையர்களுக்கு அப்பால் ஒரு பழங்குடி மனிதர் தனியே உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான்.

இந்தப் படத்தின் மூலப் பிரதியே தொலைந்துபோய், 2004இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், அழிப்பதற்கென்று குறித்து வைத்திருந்த பெட்டிகளில் கிடைத்தது. புதுப்பித்து 2009இல் மறுபடி திரையிட்டார்கள். பார்ப்பவர்கள் இரண்டு ரயில் காட்சிகளைச் சேர்த்துப் பாருங்கள். போகும்போது நீட்டப்பட்ட பீரை கிரான்ட் மறுக்கிறான். எல்லாம் முடிந்து திரும்பும்போது வாங்கிக்கொள்கிறான். தோற்றுவிட்டான் என்பார்கள் சிலர், பக்குவப்பட்டான் என்பார்கள் சிலர். ஊர் அவனைச் சேர்த்துக்கொண்டது என்றுதான் நான் படிக்கிறேன். 35 மணி நேரத்தை வென்றெடுத்ததும் அந்தச் சேர்க்கைதான். ஜேனட்டை வீட்டிலேயே உட்கார வைத்ததும் அதுதான். ஒன்றை மெச்சும்போது மற்றதை மறக்காமலிருப்பதுதான் நமக்குக் கஷ்டம்.