வரைபடம் மட்டும் போதுமா?

வரைபடத்தைக் கணிப்பொறியிடம் கொடுத்தால் உலோக உறுப்பு தானே உருவாகிவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இது பழைய நம்பிக்கை. 1959இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஏ.பி.டி. என்னும் கணிப்பொறி மொழியின் துணையால் வெட்டிய அலுமினியச் சாம்பல் கிண்ணத்தைச் செய்தியாளர்களுக்குக் கொடுத்தது.

கருவி செல்லும் பாதையைக் கணிப்பதில் கணிப்பொறி வல்லதே. ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள்: வரைபடம் கூறுவது முடிந்த வடிவத்தை, செய்யும் வழியை அன்று. துளையிட்டபின் ரீமரும் செலுத்த வேண்டுமா? உறுப்பை எங்கே பற்றுவது? மெல்லிய சுவர் வெட்டுவிசையில் வளையாதா?

2003இல் வெளிவரத் தொடங்கிய ஐ.எஸ்.ஓ. 14649 தரம், கருவியின் அசைவுகளோடு நில்லாமல் 'இது துளை, இப்படிச் செய்' என்று எழுதவும் இடம் தந்தது. நன்று! ஆனால் அந்த 'இப்படி'யை நிரப்புவது பட்டறை அனுபவமே. அதைப் பதிவு செய்யாமல் தொழிலாளரை விலக்கினால், பொறி தவற்றையும் துல்லியமாகவே வெட்டும்!