வாக்குச் சிதறல் என்னும் பூச்சாண்டி

தேர்தல் முறை என்பது வெறும் கணக்கு விவகாரம். அதனை அதிகாரிகள் பார்த்துக்கொள்வர். மக்கள் சிந்திக்க வேண்டியது யாருக்கு வாக்களிப்பது என்பதை மட்டுமே. இவ்வாறு கருதுவோர் நம்மிடையே, படித்தவர்களிடையே கூட, பலர் உளர். நமது அணியிலேயே இன்னொரு சாரார் இருக்கின்றனர். பாராளுமன்றமே சொத்துடைய வர்க்கத்தின் மன்றம். அதற்கு ஆள் அனுப்பும் முறை எப்படி இருந்தால்தான் என்ன என்பது அவர்களது வாதம். இவ்விரு கருத்துகளும் ஒன்றையொன்று எதிர்ப்பன போலத் தோன்றினும் முடிவில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. வாக்கை எண்ணும் விதியை இரண்டுமே கேள்விக்குட்படுத்துவதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கு இந்த அலட்சியம் கட்டுபடியாகாது.

ஓர் ஒப்பீட்டோடு தொடங்குவோம். மத்தியதரைக் கடலிலுள்ள மால்டா 316 சதுர கிலோமீட்டர் பரப்பும், ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களும் கொண்ட தீவு. நமது மாவட்டம் பரப்பில் அதனைவிட எட்டு மடங்குக்கு மேல் பெரியது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மக்கள் தொகை ஏறத்தாழ 3,80,000. இரண்டும் புகழ்பெற்ற இயற்கைத் துறைமுகங்களால் அடையாளம் பெற்றவை. இரண்டும் நெடுங்காலம் பிரித்தானியக் கடற்படையின் தளங்களாய் இருந்தவை. 1957இல் இங்கிருந்து வெளியேறிய அப்படை, 1979இல் அங்கிருந்தும் வெளியேறியது. மால்டா 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்து, அவ்வாண்டு முதல் ஐரோப்பியப் பாராளுமன்றத்திற்குப் பிரதிநிதிகளை அனுப்பி வருகிறது.

2024 தேர்தலில் 720 பேர் கொண்ட அம்மன்றத்தில் ஜெர்மனிக்கு 96 ஆசனங்கள், மால்டாவுக்கு 6. சனத்தொகையை மட்டும் அளவுகோலாகக் கொண்டிருப்பின் மால்டாவுக்கு ஓர் ஆசனம் முழுதாகத் தேறியிராது. பெரியவர் கூட்டத்தில் சிறியவன் குரல் அமிழ்ந்து போகாதிருக்க, எந்த நாட்டுக்கும் ஆறுக்குக் குறையலாகாது, தொண்ணூற்றாறுக்கு மேற்படலாகாது என ஒப்பந்தத்திலேயே விதித்திருக்கிறார்கள். நமது அரசியல் யாப்பிலும் இதனையொத்த எண்ணம் ஓரளவு உண்டு. மாவட்டங்களுக்குரிய 196 ஆசனங்களுள் 160 வாக்காளர் தொகையின்படியும், எஞ்சிய 36 மாகாணத்துக்கு நான்கு வீதமும் பகிரப்படுகின்றன. 225 பேர் கொண்ட மன்றத்தில் திருகோணமலைக்கு நான்கு ஆசனங்கள். எண்ணிக்கையில் நாம் குறை கூறுவதற்கு அதிகமில்லை. அந்த நால்வரைத் தெரிவு செய்யும் விதத்திலேதான் குறை இருக்கிறது.

அந்த விதம் யாது? 1978ஆம் ஆண்டு யாப்பும் 1988இல் நிறைவேறிய திருத்தங்களும் வகுத்த முறை இது. வாக்காளர் ஒரு கட்சிக்குப் புள்ளடி இடுகிறார். பின்னர் அக்கட்சியின் வேட்பாளருள் மூவருக்கு மேற்படாமல் விருப்பு வாக்கு அளிக்கிறார். மாவட்டத்தில் அளிக்கப்பட்ட வாக்குகளில் நூற்றுக்கு ஐந்தை எட்டாத கட்சிகள் கணக்கிலிருந்து நீக்கப்படுகின்றன. அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மிகுதி மூன்றும் விகிதாசாரப்படி பகிரப்படும்.

2024 நவம்பர் தேர்தலை இவ்விதியில் வைத்துப் பார்ப்போம். நமது மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி நூற்றுக்குச் சுமார் 42 வாக்குகளும், ஐக்கிய மக்கள் சக்தி 26 வாக்குகளும், இலங்கைத் தமிழரசுக் கட்சி 17 வாக்குகளும் பெற்றன. மற்றையோருக்கு விழுந்தவை ஏறத்தாழ 15, அவை நீக்கப்பட்டன. எஞ்சிய 85ஐ மூன்றால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை 28 ஆகிறது. முதற்கட்சிக்குப் போனஸ் ஒன்று, விலை கொடுத்து ஒன்று, ஆக இரண்டு. அதன் மீதி 14. அடுத்த இரு கட்சிகளும் 28ஐ எட்டாவிடினும், மீதிகளுள் பெரியவை 26உம் 17உம் ஆதலால் ஆளுக்கொன்று பெற்றன. நான்காம் ஆசனம் 17க்கும் 14க்கும் இடையிலான சிறு வேற்றுமையில் நிர்ணயமாயிற்று. நீக்கப்பட்ட அந்தப் பதினைந்து பேரோ, ‘எமது முதல் விருப்பம் நிறைவேறாவிடின் எமது அடுத்த விருப்பம் இது’ என்று சொல்ல வழியற்று நின்றனர்.

இங்கேதான் நமது அரசியலின் பழைய பூச்சாண்டி பிறக்கிறது. அதன் பெயர் வாக்குச் சிதறல். 2012 கணக்கின்படி இம்மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேர் முஸ்லிம்கள், முப்பது பேர் தமிழர், இருபத்தேழு பேர் சிங்களவர். மூன்று இனங்கள், நான்கு ஆசனங்கள், அவற்றுள் ஒன்று போனஸ். இக்கணக்கு அமைந்த இடத்தில் ஒவ்வொரு தேர்தலிலும் ஒவ்வோர் இனத்தின் தலைவர்களும் தத்தம் மக்களிடம் சென்று, ‘பிரிந்து நின்றால் ஆசனம் போய்விடும்’ என்று சொல்வது தவிர்க்கவியலாதது. அச்சம் பொய்யானதன்று. 2004இல் தமிழரசுக் கட்சியும் முஸ்லிம் காங்கிரசும் நூற்றுக்கு இரண்டு வாக்கு வித்தியாசத்தில் அடுத்தடுத்து நின்றன. போனஸ் காரணமாக முன்னதற்கு இரண்டு ஆசனங்கள், பின்னதற்கு ஒன்று. 2024இல் பிற மாவட்டங்களில் தனித்தனியே போட்டியிட்ட தமிழ்க் கட்சிகள் திருகோணமலையில் மட்டும் வீட்டுச் சின்னத்தின் கீழ் ஒன்றுகூடியதும் இதே அச்சத்தினால்தான். அவ்வாறு கூடியிராவிடின் அந்தப் பதினேழு இரண்டாகப் பிளந்து நான்காம் ஆசனம் கைமாறியிருக்கலாம்.

நாம் அந்த ஒற்றுமையைக் குறை கூறவில்லை. அதனைக் கட்டாயமாக்கிய விதியையே குறை கூறுகிறோம். இன எல்லைக்குள் நின்று வாக்களிப்பதே புத்திசாலித்தனம் என்று ஒரு விதி மக்களுக்குக் கற்பிக்குமாயின், அவ்விதி நடுநிலையானதன்று. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவனும், மா ஆலையில் வேலை செய்பவனும், கிண்ணியாவிலும் திருக்கடலூரிலும் கடலுக்குச் செல்பவனும், கந்தளாயில் வயல் விதைப்பவனும் ஒரே விலைவாசியால் வாடுகிறார்கள். ஆனால் அவர்கள் அனைவருக்காகவும் ஒருவர் வேட்பாளராய் நிற்பாராயின், ‘நல்ல மனிதர்தான்; ஆனால் வாக்கு வீணாகிவிடுமே’ என்பதே அவருக்குக் கிடைக்கும் பதில். விருப்பு வாக்கோ வேறொரு தீங்கையும் செய்கிறது. ஒரு பட்டியலில் ஏழு பேர். வெல்லக்கூடிய ஆசனம் ஒன்றோ இரண்டோ. ஆகவே ஒரே கட்சித் தோழர்கள் ஒருவரையொருவர் தோற்கடிக்கப் பணம் இறைக்கின்றனர். மாற்றுக் கட்சி நல்லவரை ஆதரிக்க வாக்காளருக்கு இடமில்லை; தம் கட்சிக்குள் சண்டை மூட்ட மட்டும் இடமுண்டு.

மால்டாவில் நாடு முழுவதும் ஒரே தொகுதி. வாக்காளர் வேட்பாளர்களின் பெயர்களுக்கு நேரே 1, 2, 3 என்று தம் விருப்ப வரிசையை எழுதுகிறார். கட்சி எல்லையைத் தாண்டியும் எழுதலாம். செல்லுபடியான வாக்குகளை ஏழால் வகுத்து வருவதற்கு ஒன்று மேலாகப் பெற்றவர் தெரிவாவார். அவருக்குத் தேவைக்கு மேல் விழுந்தவை அடுத்த விருப்பத்துக்குச் செல்லும். கடைநிலையில் உள்ளவர் விலக்கப்படுவார். அவர் வாக்குகளும் அடுத்த விருப்பத்துக்குச் செல்லும். இப்படியே ஆறு பேர் தேறும்வரை எண்ணுவர். வாக்கு இங்கே சிதறுவதில்லை, நடந்து செல்கிறது. மால்டா இம்முறையை 1921 முதல் தன் சொந்தத் தேர்தல்களில் கையாண்டு வருகிறது.

இது சர்வரோக நிவாரணி என நாம் கூறவரவில்லை. கட்சி எல்லையைத் தாண்ட அனுமதி இருந்தும் மால்டா மக்கள் பெரும்பாலும் தாண்டுவதில்லை. 2004இல் பசுமைக் கட்சி வேட்பாளர் முதல் விருப்பத்தில் நூற்றுக்கு ஒன்பதுக்கு மேல் பெற்றும் தெரிவாகவில்லை. இரு பெரிய கட்சிகளைத் தவிர வேறெவரும் 2024 வரை அங்கிருந்து ஐரோப்பிய மன்றம் சென்றதில்லை. 2004இலும் 2009இலும் தெரிவானவர்களுள் ஒரு பெண்ணும் இல்லை. ஆனால் விதியை மாற்றாமலே 2014இல் அறுவரில் நால்வர் பெண்களாயினர். அவருள் ஒருவரான ரொபேர்ட்டா மெட்சோலா 2022இல் அம்மன்றத்தின் தலைவரானார். விதி கதவைத் திறக்கும். அதனூடே நடக்க வேண்டியவர்கள் மக்கள். எனினும் பூட்டிய கதவின் முன் நின்று மக்களைக் குறை கூறுவது நியாயமாகாது.

விதிகள் வானத்திலிருந்து இறங்கியவை அல்ல. நமது பழம்பெருமை பேசுவோர் முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் குடவோலையைச் சுட்டுவர். அக்குடத்தில் ஓலை இடப்பெறுதற்குச் சொந்த நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் வேண்டும் என்று அதே கல்வெட்டு கூறுவதை அவர்கள் விட்டுவிடுவர். உழுதவன் பெயர் அக்குடத்தில் இல்லை. இலங்கையில் அவன் பெயர் பட்டியலில் ஏறியது 1931இல் சர்வசன வாக்குரிமை வந்த பின்னரே. 1960 முதல் 1977 வரை நமது மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதியாய் இருந்தது. வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். கலந்து வாழும் மக்களுக்கு ஒற்றை வாக்கும் ஒற்றை வெற்றியாளனும் போதா என்பதை அக்கால ஆணைக்குழுவே உணர்ந்திருந்தது. அன்று மாறிய விதி இன்று மாற முடியாதா?

நம் மக்களுக்கு இம்முறை விளங்காது என்பர் சிலர். இவ்வாதத்திற்கு 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தல் பதில் கூறிவிட்டது. எவரும் பாதிக்கு மேல் பெறாமையால், நமது வரலாற்றில் முதன்முறையாக அடுத்த விருப்பங்கள் எண்ணப்பட்டன. 1, 2, 3 என்று எழுதும் உரிமை ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. எண்ணும் திறமையும் நமது அலுவலரிடம் இருக்கிறது. பெரும்பாலோர் ஒருவருக்கு மட்டுமே அடையாளமிட்டு நிறுத்தினர் என்பது உண்மைதான். எழுதலாம் என்று அவர்களுக்கு எடுத்துரைத்தவர் எத்தனை பேர்?

இத்தனை கணக்கும் எதற்காக? சீனக்குடாவில் பிரித்தானியர் விட்டுச்சென்ற 99 எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன. 2022 ஜனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி 24 குதங்கள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கும், 14 லங்கா ஐ.ஓ.சி.க்கும், 61 இரண்டும் சேர்ந்த நிறுவனத்திற்கும் உரியவாயின. நன்றோ தீதோ, அம்முடிவு கொழும்பிலும் புதுதில்லியிலும் எடுக்கப்பட்டது. 2017இல் பதவிக்காலம் முடிந்த கிழக்கு மாகாண சபைக்கு 2024 முடியும்வரை தேர்தலே நடத்தப்படவில்லை. ஆகவே இத்துறைமுகத்தின் நிலம், கடல், வேலை ஆகியவை பற்றி மேலிடத்தில் பேச நமக்கு எஞ்சியிருப்பவை அந்த நான்கு நாக்குகளே. அந்த நால்வரும் மூன்று இனங்களுக்குத் தனித்தனியே பதில் சொல்பவராயின் துறைமுகத்திற்கெனப் பேசுபவர் யார்? அவர்கள் அடுத்த இனத்தாரின் இரண்டாம் விருப்பத்தையும் நாடி நிற்க நேருமாயின், மூதூரில் பேசியதைச் சேருவிலவில் மறுத்துப் பேச அவர்களுக்குத் துணிவு வராது.

தேர்தல் தினத்தன்று வாக்குச் சாவடிகளில் கடமை புரிவோருள் ஆசிரியர் பலர். வாக்குச்சீட்டை மடித்துக் கொடுப்பதோடு நமது கடமை முடிந்துவிடவில்லை. சீர்திருத்தம் பற்றிய பேச்சு கொழும்பில் எழும்போதெல்லாம் பெருங்கட்சிகள் தமக்குச் சாதகமான கணக்கையே முன்வைக்கின்றன. மேல்வகுப்பு மாணவரைக் கொண்டு நூறு சீட்டுகளில் இரு முறைகளிலும் வாக்களிக்கச் செய்து எண்ணிக் காட்டலாம். தொழிற்சங்கக் கூட்டத்திலும் மீனவர் சங்கத்திலும் அதனையே செய்யலாம். எண்ணிப் பார்த்தவனைச் சிதறல் என்ற சொல்லால் மிரட்டுவது எளிதன்று.